செவுரில்லாத தண்ணியும் ஓர் இணைச்சீரும்

பல்லடத்துக்குக் கடல் கிடையாது. இதை என் உறவினர்கள் என்னிடம் சொல்லும்போது, ஏதோ நான்தான் கடலை எடுத்து எங்கோ ஒளித்து வைத்துவிட்ட மாதிரிச் சொல்வார்கள். "பல்லடத்துல பொறந்த புள்ளைக்குக் கடல்ல என்னங்க வேலை?" என்று கேட்காதவர் சொந்தத்தில் பாக்கி இல்லை. அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் வெள்ளகோவிலிலிருந்து அரபு நாட்டுக்குப் போய் ஒட்டகப் பால் கம்பெனியில் வேலை பார்ப்பவர். வெள்ளகோவிலில் ஒட்டகம் இருக்கிறதா என்று அன்றைக்கு நான் திருப்பிக் கேட்கவில்லை. தைரியம் வரவில்லை. இப்போது கேட்கிறேன். இருக்கிறதா?

என் மகள் சர்ஃபிங் வீராங்கனை. கடலில் நுரைத்து வரும் அலையின் முதுகில் பலகையைப் போட்டு, அதன்மேல் எழுந்து நின்று கரைப்பக்கம் வருவது அவள் தொழில். பொழுதுபோக்கு அல்ல, தொழில். போட்டிகளுக்குப் போகிறாள், பரிசு வாங்குகிறாள், மற்ற நாட்களில் சென்னைக்குத் தெற்கே ஒரு கடற்கரையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். மங்களூர்ப் பக்கம் போயிருக்கிறாள், மாலத்தீவுக்குப் போயிருக்கிறாள். நான் இந்தப் பக்கம் கரூர், அந்தப் பக்கம் பாலக்காடு, இவற்றைத் தாண்டினாலே தலைவலி மாத்திரை எடுத்துக்கொண்டு போகிறவன்.

நான் பிராய்லர் கோழிப்பண்ணை வைத்திருக்கிறேன். எங்கள் தொழிலில் பயம் ஒரு தகுதி. கரண்ட் போனால் பயம், வெயில் ஏறினால் பயம், பக்கத்துத் தோட்டத்து விசேஷத்தில் வெடி வைத்தால் பயம். கோழிகள் மிரண்டால் எல்லாம் ஒரே மூலைக்கு ஓடி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மூச்சுமுட்டிச் செத்துவைக்கும். மிரட்டிய பூனை சும்மா நின்று பார்த்துக்கொண்டிருக்கும். வருஷக்கணக்காக அவற்றோடு இருந்ததில் எனக்கும் அதே சுபாவம் ஒட்டிவிட்டது. எனக்கென்று ஒரு மூலை எப்போதும் வேண்டும்.

தண்ணீர் என்றால் எங்களுக்குக் கிணறு. எங்கள் தோட்டத்துக் கிணற்றில்தான் என் மகனும் மகளும் நீச்சல் பழகினார்கள். முதுகில் காலி பிளாஸ்டிக் கேன், இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை என்னிடம். எனக்கு நீச்சல் தெரியாது. அதனால் கயிற்றைத் தென்னைமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, மரத்தையும் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் வாத்தியாராக நின்று பாடம் நடத்துவேன். என் பாடத்தில் ஒரே வரிதான். "மூச்சு வாங்குனாச் செவுரைப் புடி." கிணற்றில் எந்தப் பக்கம் தத்தளித்தாலும் ஒரு சுவர் உண்டு. இந்த ஒரு விஷயத்தின்மேல்தான் என் தண்ணீர் அறிவு முழுவதும் நின்றது.

மகன் ஒரு கோடை முழுக்க கேனோடு மிதந்தான். மகள் இரண்டாம் வாரமே கேனை அவிழ்த்து எறிந்தாள். மோட்டார் திட்டில் ஏறித் தலைகீழாகக் குதிப்பாள். நான் தென்னைமரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

பிறகு கோயம்புத்தூரில் பள்ளிக்கூடம், அங்கே நீச்சல்குளம். அதற்கும் நாலு பக்கம் சுவர் இருந்ததால் நான் ஆட்சேபிக்கவில்லை. சென்னையில் கல்லூரிக்குப் போனவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழிகளோடு கடல் பார்க்கப் போனாள். மற்றவர்கள் கால் நனைத்துவிட்டு பஜ்ஜி தின்று திரும்பினார்கள். இவள் அங்கேயே நின்றுவிட்டாள். அங்கிருந்த மீனவக் குப்பத்துப் பெண் ஒருத்தி சர்ஃபிங் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்து, அடுத்த ஞாயிறும் போனாள், அதற்கடுத்த ஞாயிறும் போனாள். படிப்பு முடிந்தபோது கம்பெனி வேலைக்கான கடிதத்தை எங்களிடம் காட்டிவிட்டு, வேலைக்குப் போகவில்லை என்றும் சொல்லிவிட்டாள்.

அந்த விடுமுறையில் போனில் எனக்கு ஒரு வீடியோ காட்டினாள். ஹவாய்த் தீவில் ஒரு பெண்மணி. என் வயது இருக்கும். சின்ன வயதிலிருந்து இதையே தொழிலாகச் செய்து, ஊர் ஊராகப் போய் ஜெயித்தவராம். பனைமர உயரத்துக்கு எழுந்த அலையின் முகத்தில் கோடு கிழித்த மாதிரி இறங்கி வந்து, கரையில் தலைமுடியைப் பிழிந்துகொண்டே ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"என்ன சொல்றாங்க கண்ணு?"

"இன்னைக்கு அலை கொஞ்சம் சின்னதுங்கறாங்கப்பா."

அந்த அம்மணிக்கு வீட்டில் கேட்க ஆள் இல்லையா என்று விசாரித்தேன். அவருக்குக் கற்றுக்கொடுத்ததே அவர் அப்பாதான் என்றாள் மகள். அந்த மனிதர் நிச்சயம் கோழிப்பண்ணை வைத்திருந்திருக்க மாட்டார்.

விசேஷ வீடுகளில் "பொண்ணு என்ன பண்ணுதுங்க?" என்று கேட்டால், "கடல் சம்பந்தமான வேலைங்க" என்பேன். "கப்பல்லீங்களா?" என்பார்கள். "கிட்டத்தட்டங்க" என்று சொல்லிவிட்டுப் பந்திக்கு ஓடிவிடுவேன். காங்கேயம் பக்கம் சிலர் அவள் கடற்படையில் இருப்பதாக இன்றைக்கும் நம்புகிறார்கள். அவர்கள் நிம்மதியை நான் கெடுப்பதில்லை.

இப்படியே போயிருக்கும். நடுவில் மகனுக்குக் கல்யாணம் வந்தது.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையும் அவன் உடன்பிறந்தவளும் சேர்ந்து நிற்கிற சீர். கூறைச்சேலையின் ஒரு முனை அவனிடம், மறுமுனை அவளிடம். கையில் கூடையோடு அவள் அவன் பக்கத்தில் நிற்க, சீர் செய்து வைக்கும் அருமைக்காரர் நடத்திவைப்பார். நாளைக்கே மனைவி வந்தாலும் பிறந்தவளுக்கு உள்ள இடம் இது என்று சபையில் காட்டுவதற்காக என்று சொல்வார்கள். தாலி கட்டுவதற்கு முன்பு அவளுக்குத்தான் மரியாதை. உடன்பிறந்தவள் இல்லாதவனுக்குப் பெரியப்பா சித்தப்பா மகளோ பெரியம்மா சின்னம்மா மகளோ நிற்பாள். என் மகனுக்கு உடன்பிறந்தவள் ஒருத்தி இருக்கிறாள். ஆனால் கல்யாணத்துக்கு நாலு நாளைக்கு முன்பு அவளுக்கு ஒரு போட்டியின் இறுதிச் சுற்று இருந்தது.

என் அக்கா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். எங்கள் குடும்பத்தில் கல்யாணங்களை நடத்துவது அவள்தான். மற்றவர்கள் கலந்துகொள்வதோடு சரி.

"தம்பி, தாராபுரத்துச் சம்பந்தக்காரங்க மண்டபம் நெறையா வாராங்க. புள்ளை இணைச்சீருக்கு நிக்கறப்ப அத்தனை கண்ணும் அவ மேலதான் இருக்கும். நீயே நேராப் போயி, பந்தயமெல்லாம் அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு சொல்லி, ஒரு கீறல் இல்லாமக் கூட்டியாந்து சேத்து."

"சேத்திப்போடறேனுங்கக்கா" என்றேன்.

காரை எடுக்கும்போது நீளமான நைலான் கயிறு ஒன்றையும் பின்னால் போட்டுக்கொண்டேன். எதற்கென்று எனக்கே தெரியாது. கிணற்றுக்காரன் தண்ணீர் பக்கம் கயிறு இல்லாமல் போகமாட்டான், அவ்வளவுதான்.

வழி முழுக்க மகளிடம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். கரூரில் என் குரல் கர்ஜனையாக இருந்தது. திருச்சியில் கண்டிப்பாக இருந்தது. விழுப்புரத்தில் எடுத்துச் சொல்லும் தொனிக்கு இறங்கியது. கடற்கரையில் அவளைப் பார்த்ததும் வாயிலிருந்து வந்தது, "சாப்பிட்டயா கண்ணு?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அத்தை சொல்லி உட்டாங்களாப்பா?"

"அவங்க ஒண்ணும் சொல்லல. மூஞ்சில அடிகிடி பட்டுதுன்னா..."

"மூஞ்சி அத்தைக்குங்களா, எனக்குங்களா?"

இதற்கு நான் ஒத்திகை பார்த்திருக்கவில்லை.

"கலியாணம் அண்ணனுது, இது என்னுதுங்கப்பா. ரெண்டு எடத்துலயும் நான் இருப்பேன். நீங்க இந்தச் சேர்ல உக்காருங்க. என்ன ஆனாலும் எந்திரிக்காதீங்க. அது போதும்."

உட்கார்ந்தேன். அவளுக்குக் கற்றுக்கொடுத்த அந்தக் குப்பத்துப் பெண் இப்போது அவளுடைய பயிற்சியாளர். என் காவலுக்கு அவரைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தாள். மகளின் கணுக்காலையும் பலகையையும் இணைக்கும் கயிற்றைக் காட்டி, எங்கள் ஊரில் ஆட்டுக்குட்டிக்குக்கூட இதைவிடத் தடியான கயிறு போடுவோம் என்று அவரிடம் முறையிட்டேன். காரில் நல்ல கயிறு இருக்கிறது என்றும் சொல்லிப்பார்த்தேன். "உக்காருங்க அங்கிள்" என்றார்.

காலையில் காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்து அடித்தது. மேற்கத்திக் காற்று அடித்தால் அலை கலையாமல் நிமிர்ந்து நிற்கும், நமக்கு நல்லது என்று மகள் சொல்லியிருந்தாள். மேற்கு என்றால் எங்கள் ஊர்ப் பக்கம். பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து, பல்லடத்துக் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு, என் மகளுக்காக இத்தனை தூரம் வந்திருக்கிறது என்று கொஞ்ச நேரம் பெருமையாக இருந்தது.

சங்கு ஊதியதும் நாலு பெண்கள் கடலுக்குள் போனார்கள். குறித்த நேரத்துக்குள் பிடிக்கிற அலைகளில் சிறந்த இரண்டுக்குத்தான் மதிப்பெண். மகள் முதல் அலையை நன்றாகப் பிடித்தாள். மதிப்பெண் சொன்னதும் கை தட்டினார்கள், நானும் உட்கார்ந்தபடியே தட்டினேன். அதன்பிறகு அவள் பலகைமேல் காலை இரண்டு பக்கமும் தொங்கப்போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அலை வருகிறது, போகிறது, அவள் அசையவில்லை. நல்ல அலைக்குக் காத்திருக்கிறாள் என்று பயிற்சியாளர் சொன்னார். எனக்கு அப்படித் தெரியவில்லை. கிணற்றில் ஒருத்தர் அசையாமல் இருந்தால் அதற்கு எங்களிடம் ஒரே அர்த்தம்தான். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"செவுரைப் புடி கண்ணு!"

பக்கத்தில் வர்ணனை செய்துகொண்டிருந்தவரின் மைக் அதை அப்படியே வாங்கிக் கடற்கரை முழுக்க ஒலிபரப்பியது. எந்தச் சுவர் என்று அவர் மைக்கிலேயே கேட்டார். வங்காள விரிகுடாவுக்கு அடுத்த சுவர் அந்தமானில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்போதுதான் அந்த அலை வந்தது. மகள் திரும்பிப் படுத்து, கையால் துடுப்புப் போட்டு, எழுந்து நின்றாள். நின்றதைப் பார்த்தேன். அடுத்த நொடி அவள் இல்லை. நுரைக்குள்ளிருந்து பலகை மட்டும் செங்குத்தாக மேலே வந்தது.

அதன்பிறகு நான் செய்தது வீரம் என்று சொன்னால் கேட்டுக்கொள்ள ஆள் இருக்கிறது, ஆனால் அன்றைக்குப் பார்த்தவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். பேன்ட், சட்டை, செருப்பு, சட்டைப்பையில் போனோடு கடலுக்குள் ஓடினேன். முழங்கால் உயர அலை ஒன்று, சின்னப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே தாண்டுகிற அலை, என் காலை வாரி என்னைக் குப்புறப் போட்டு இழுத்தது. உப்பும் மணலும் வாய் நிறைந்தது. கையை நாலு பக்கமும் துழாவினேன். செவுரைத்தான் தேடினேன், வேறென்ன. யாரோ இரண்டு பேர் என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக் கரையில் போட்டார்கள்.

இருமிக்கொண்டே தலையைத் தூக்கிப் பார்த்தபோது, மகள் பலகையைக் கட்டிப் பிடித்தபடி கடலில் கையைத் தூக்கிக் காட்டினாள். தாடையிலிருந்து கழுத்து வரை ரத்தம். ஒன்றுமில்லை என்று நடுவர்களுக்குக் காட்டுகிறாள். கரைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவள் பலகையைத் திருப்பி மறுபடி உள்ளே போனாள். மறுபடி காத்திருந்தாள். நேரம் முடிய இருந்தபோது ஓர் அலையைப் பிடித்து, ரத்தம் சொட்டக் கரைவரை நின்றபடியே வந்தாள். இரண்டாம் இடம். முதல் இடத்தை ஒரு மங்களூர்ப் பெண் வாங்கினாள். அந்தப் பெண்ணின் அப்பா நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் தையல் போடும்போது மகள் கேட்டாள். "எதுக்குங்கப்பா எறங்குனீங்க?"

"உன்னக் காப்பாத்த."

"உங்களத் தூக்குன ரெண்டு பேருமே என்னப் பாத்துக்கறதுக்கு நின்னவங்கப்பா."

டாக்டர் ஊசியை எடுத்துவிட்டுச் சிரித்து முடிக்கும்வரை தையல் நின்றது.

ஊருக்குத் திரும்பும்போது அக்காவுக்கு என்ன சொல்வது என்பதை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். இந்த முறை விழுப்புரத்திலேயே குரல் போய்விட்டது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து பன் தின்ன முடியாமல் பாலில் நனைத்துத் தின்றுகொண்டு வந்தாள்.

வீட்டில் பெண்கள் எல்லாரும் அவளைச் சுற்றி நின்று பார்த்தார்கள். தாடையில் தையல், அதைச் சுற்றி வீக்கம். வெயிலும் உப்பும் தின்ற முகம் ஒரு நிறம், சட்டை மறைத்த தோள் வேறு நிறம். தலைமுடி நுனி செம்பட்டை. மேக்கப் செய்ய வந்த பெண் எந்த நிறத்துக்குப் பூசுவது என்று கேட்டார். அக்கா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னாள்.

"ரத்தக்காயத்தோட சீருக்கு நிக்கறது நல்லதில்லீங்க தம்பி. அம்மணி ஒக்காந்து கலியாணத்தப் பாக்கட்டும். இணைச்சீருக்கு நம்ம சின்னத் தம்பி புள்ளை நிக்கட்டும். அவளும் பொறந்தவ மொறைதான்."

அக்கா "ங்க" போட்டு என்னிடம் பேசினால் முடிவெடுத்துவிட்டாள் என்று அர்த்தம். மற்றவர்கள் தலையாட்டினார்கள். என் மனைவி என்னைப் பார்த்து, "ஏனுங்க, நீங்க சொல்லுங்க" என்றாள். மகளும் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். கோழிகளுக்குக் கஞ்சி வைக்கிற நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்துவிட்டேன். பிராய்லர் கோழிக்குக் கஞ்சி வைப்பதில்லை.

மகள் பின்னாலேயே பண்ணைக்கு வந்தாள். அழுவாள் என்று பயந்தேன். அவள் அழவில்லை.

"அத்தை பேசறதுக்கு நான் கோவிச்சுக்கலீங்க. கடல்ல அடிபட்டதுக்காக அண்ணனுக்கு நான் தங்கச்சி இல்லைன்னு ஆயிருமாங்கப்பா? அதை மட்டும் நீங்க சொல்லுங்க."

"ஆவாது கண்ணு."

"அங்க சொல்லுங்க. எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"

இணைச்சீர் அன்று சாயங்காலம் மண்டபம் நிறைந்துவிட்டது. மேடையில் மகன் பட்டு வேட்டியோடு நிற்கிறான். தங்கச்சி எங்கே என்று அவன் கண் தேடுவது எனக்குக் கீழிருந்தே தெரிந்தது. மகள் பட்டுச்சேலை கட்டித் தயாராக, மேடைக்குப் பக்கத்து அறை வாசலில் நின்றாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அக்கா என் தம்பி மகள் கையில் கூடையைக் கொடுத்து முதுகில் கைவைத்துத் தள்ளினாள். அந்தப் பெண் பாவம், நகரமாட்டாமல் நின்றாள்.

"மாப்பிள்ளைக்குப் பொறந்தவ வரட்டுங்க" என்றார் அருமைக்காரர்.

எனக்குள் கோழிகள் எல்லாம் மிரண்டு ஓடின. ஓடுவதற்கு மூலையைத் தேடினேன். கல்யாண மண்டபத்தில் எல்லா மூலையிலும் சம்பந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கால் தானாக நடந்தது. தம்பி மகள் கையிலிருந்த கூடையை வாங்கினேன். வாங்கி மகளிடம் கொடுப்பதுதான் முறை. பதற்றத்தில் அது தோன்றவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு நானே மேடை ஏறி, மகன் பக்கத்தில் போய் நின்றுவிட்டேன்.

அருமைக்காரர் என் வழுக்கையையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க, நீங்க மாப்பிள்ளைக்குத் தங்கச்சிங்களா?"

மண்டபமே சிரித்தது. தாராபுரத்துப் பக்கத்திலிருந்துதான் சிரிப்பு பலமாக வந்தது. மகன்கூடச் சிரித்துவிட்டான். என் குரல் பொரித்த அன்றே வெளியே வந்த குஞ்சின் குரலாக இருந்தது. இருந்தாலும் வந்தது.

"இல்லீங்க. தங்கச்சி அந்த வாசல்ல நிக்கறா. காயம்பட்டவ நிக்கக் கூடாதுங்கறாங்க. அவ வார வரைக்கும் இந்தக் கூடைய நான் வேற ஆருகிட்டயும் குடுக்கறதா இல்லீங்க. அவ வரலீன்னா நானே நிக்கறேன். சேலையக் குடுங்க."

அருமைக்காரர் அக்காவைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்து, "வாம்மா அம்மணி, உங்கொப்பன வெச்சு எனக்குச் சீர் செய்யத் தெரியாது" என்றார்.

அவள் வந்தாள். அவசரப்படவில்லை. மேக்கப் பெண் தாடைமேல் தோல் நிறத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை நடந்துகொண்டே பிய்த்துக் கையில் சுருட்டிக்கொண்டாள். என்னிடமிருந்து கூடையை வாங்கும்போது, "எந்திரிக்காதீங்கன்னு சொன்னா ஒரு நாளாவது கேக்கறீங்களாப்பா?" என்று உதட்டுக்குள் சொன்னாள்.

சேலை முனையை அவள் பிடித்த விதம் தப்பு போல. அக்கா முணுமுணுத்துக்கொண்டே மேடைக்கு வந்து, மகள் விரல்களைப் பிரித்து, முனையை மடித்துத் திரும்பவும் கையில் வைத்து, "இப்பிடிப் புடிக்கோணும்" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. பிறகு ஒரு மாதம் என்னிடம் பேசவும் இல்லை.

வீடியோ எடுத்தவர் மகளை அந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பச் சொன்னார். தையல் தெரிகிறது என்றார்.

"நல்லாத் தெரியுதுங்களா?" என்று கேட்டு, அவள் தாடையைத் தூக்கி அவருக்கு நேராகக் காட்டினாள். "அப்ப எடுங்க."

அவர் எடுத்தார். அந்த வீடியோவில் சீர் முடியும்வரை அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் நடுவில் பின்னால் ஒரு வழுக்கைத் தலை தெரியும். இறங்கச் சொல்லி மனைவி கீழிருந்து சாடை காட்டினாள், வீடியோக்காரர் கையாட்டினார், அருமைக்காரரும் ஒருமுறை கனைத்துப் பார்த்தார். நான் இறங்கவில்லை.